இரண்டு கையையும் தூக்கிய அம்பயர்

எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. இன்னும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பௌலிங் போடுகிறேன். ஓடிவருகிறேன் என்பது நான் சொல்வது. பார்க்கிறவர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள்.

ஒரு காலத்தில் நான் வேகப்பந்து வீச்சாளன். ஐந்து பந்து வேகமாகப் போட்டு, நடுவில் ஒன்றை மெதுவாக விடுவேன். பேட்ஸ்மேன் ஏமாந்துபோவான். இப்போது ஆறு பந்தும் அந்த நடுவில் ஒன்றுதான். இதில் ஒரு நன்மை உண்டு: இவர் எப்போது வேகமாகப் போடுவாரோ என்று பேட்ஸ்மேன் ஆறு பந்தும் பயந்துகொண்டே ஆடுவான். இரண்டாவது ஓவரில்தான் அவனுக்கு விஷயம் புரியும்.

புதுச்சத்திரம் பக்கத்தில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறேன். வாரம் முழுவதும் மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. என் மனைவிக்கு இந்தத் தோளைப் பற்றி ஒரு சந்தேகம் உண்டு.

“ஏனுங்க, ஊட்ல சிலிண்டரைத் தூக்கி வெய்ங்கன்னா தோள் வலிங்கறீங்க. ஞாயித்துக்கெழம மட்டும் அந்த வலி எங்கீங்க போவுது?”

அந்த வலி திங்கட்கிழமை இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. அதை அவளிடம் சொல்வதில்லை.

எங்கள் டீமில் என்னோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவன் விக்கெட் கீப்பர் மட்டும்தான். சேலம் கடைவீதியில் அவனுக்கு ஜவுளிக்கடை. ஞாயிறு தவறாமல் பைக்கில் வந்து இறங்குவான். டென்னிஸ் பந்துதானே என்று கையுறை இல்லாமலே இருபத்தைந்து வருஷம் பிடித்ததில், அவன் விரல்களில் இரண்டு நேராக இல்லை. கடையில் துணி அளக்கும்போது அந்த இரண்டும் தனியாக வேறு பக்கம் காட்டிக்கொண்டு நிற்கும். நான் என்ன பந்து போடப்போகிறேன் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். ஆகாத பந்தாக இருந்தால் நான் ஓடிவரும்போதே இரண்டடி பின்னால் போய்விடுவான். அதைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொள்வேன்.

கேப்டன் எங்களைவிடப் பத்து வயது சின்னவர். லாரி டயர் கடை வைத்திருக்கிறார். நன்றாக ஆடுவார். அவுட் ஆனால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஸ்டம்ப் மூன்றும் விழுந்து கிடந்தாலும் காற்று என்பார்.

போன மார்கழியில் ஒரு சிக்கல் வந்தது. அயோத்தியாப்பட்டணத்துக்காரர்கள் பொங்கலுக்கு டோர்னமென்ட் நடத்துகிறார்கள். பதினோரு பேர் பட்டியலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் பன்னிரண்டு பேர் ஆகியிருந்தோம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போயிருந்த ஒருவன் ஊரோடு வந்துவிட்டான். இருபத்தாறு வயது, நெடுநெடு உயரம், அவன் போட்டால் பந்து விசில் அடிக்கும். அந்தப் பன்னிரண்டாவது ஆள் யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் என்னிடம் தோள் எப்படி இருக்கிறது என்று மட்டும் அன்பாக விசாரித்தார்கள்.

பதினெட்டு வருஷமாக ஒரு பொங்கல் டோர்னமென்டையும் நான் விட்டதில்லை. விட்டால் திரும்ப யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதும் தெரியும்.

பட்டியல் எழுத வேண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை, டோர்னமென்ட் நடத்துகிறவர்களே எங்களோடு ஒரு மேட்ச் ஆட வந்தார்கள். எங்கள் மைதானம் தண்ணீர் வற்றிய ஏரி. கேப்டன் வழக்கம்போல முதல் ஓவரை என்னிடம் கொடுத்தார். என் தகுதியைக் காட்ட வேண்டிய நாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். மூன்று பந்து பௌண்டரிக்குப் போனது. ஒரு பந்து சீமைக்கருவேல முள்ளுக்குள் போய், அதைத் தேடி எடுக்கவே இரண்டு ஓவர் நேரமானது. கீப்பர் பக்கத்தில் வந்தான்.

“மாப்ள, இன்னிக்கு ஆறு பந்துக்கும் பின்னாடி போனேன், கவனிச்சியா?”

“கவனிச்சேன்.”

“சரி விடு. முள்ளு குத்தாம பந்து கெடைச்சுதே.”

அதற்குப் பிறகு பந்து என் கைக்கு வரவில்லை. ரிக் வண்டிக்காரன் மூன்று விக்கெட் எடுத்தான்.

நாங்கள் பேட்டிங் ஆடினோம். எங்கள் பக்கத்து மேட்ச்களில் தனியாக அம்பயர் வைப்பதில்லை. பேட்டிங் ஆடுகிற டீம்தான் அம்பயர் நிறுத்த வேண்டும். அவுட் ஆகி வந்தவன் கோபத்தில் இருப்பான் என்பதால் அவனை நிறுத்துவதில்லை. கடைசியாக இறங்குகிறவனை நிறுத்துவோம். அதாவது என்னை. அம்பயர் தன் ஆளுக்குக் கொஞ்சம் சாய்வாகத்தான் இருப்பான் என்று எதிர் டீமுக்கும் தெரியும். அவர்கள் பேட்டிங் ஆடும்போது அவர்களுக்கும் அதே வசதி உண்டு. யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசி ஓவரில் ஏழு ரன் வேண்டும். எட்டு விக்கெட் போயிருந்தது. கேப்டன் பேட் பிடித்து நின்றார். என் பக்கத்தில், பௌலர் முனையில், அவருடைய மச்சினன். முதல் பந்து பௌண்டரி. இரண்டாவது பந்தில் இரண்டு ரன். ஸ்கோர் சமம். இன்னும் ஒரு ரன்தான். கையில் நாலு பந்து இருந்தது.

மூன்றாவது பந்தை அந்தப் பௌலர் மெதுவாக விட்டான். கையிலிருந்து கிளம்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் பந்து. இருபது வருஷத்துக்கு முந்தைய என் பந்து. கேப்டன் அவசரப்பட்டு வீசினார். பேட்டின் ஓரத்தில் ‘டிக்’ என்று பூனை நடந்த மாதிரி ஒரு சத்தம். அவர்கள் கீப்பர் பிடித்துவிட்டான்.

“அவுசாட்!”

பௌலர் கேட்க வேண்டியதை ஏரிக்கரை வரை கேட்கும்படி கத்தியது நான்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஒரு குதி வேறு குதித்திருக்கிறேன்.

அம்பயர் இரண்டு கையையும் தூக்கினால் சிக்ஸர். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் ஜெயித்துவிட்டோம் என்று விசிலடித்து எழுந்துவிட்டார்கள். ஒருவன் துண்டைச் சுழற்றினான். பௌலர் திரும்பி என்னைப் பார்த்தான்.

“அண்ணே, நீங்க ஏன் அப்பீல் பண்றீங்க?”

நான் கையை இறக்கவில்லை. எப்படி இறக்குவது என்று தெரியவில்லை.

“சரி, நீங்க கேட்டுட்டீங்க, நானும் கேட்டுடறேன். அவுட்டாண்ணே?”

தூக்கிய இரண்டு கையில் இடது கையை மட்டும் இறக்கினேன். வலது கையில் விரலை நீட்டினேன். நாள் முழுக்க அந்தத் தோள் சரியாக வேலை செய்தது அப்போதுதான்.

கேப்டன் பேட்டோடு என்னிடம் நடந்து வந்தார்.

“ஏனுங்கண்ணா, எந்த டீமுங்க நீங்க?”

“பேட்டுல பட்ட நிக்கு சத்தம் கேட்டுதுங்க.”

“அவுங்க கீப்பருக்கே கேக்கலீங்க!”

“எனக்குக் கேட்டுதுங்களே.”

அவர் ஒரு நிமிஷம் என் காதையே பார்த்தார். பிறகுதான் எனக்கு அடுத்த விஷயம் உறைத்தது. ஒன்பதாவது விக்கெட் விழுந்துவிட்டது. பதினோராவது ஆள் நான். நானே அவுட் கொடுத்து, நானே இறங்க வேண்டும். கேப்டன் பேட்டை என் கையில் திணித்துவிட்டு, நான் நின்ற இடத்தில் போய் அம்பயராக நின்றுகொண்டார். கோபக்காரனை நிறுத்தக் கூடாது என்ற வழக்கத்தை எடுத்துச் சொல்ல அப்போது யாருக்கும் தைரியமில்லை.

நாலாவது பந்து எங்கே போனது என்று தெரியாது. ஐந்தாவது என் தொடையில் பட்டுக் காலடியிலேயே நின்றது. ஆறாவது பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். பட்டுவிட்டது. பந்து மிட்விக்கெட் பக்கம் உருண்டது. ஓடினேன். மச்சினன் என்னைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து, திரும்பி நின்று பார்த்து, “வாங்க வாங்க” என்று கூப்பிடும்போதும் நான் பாதி வழியில்தான் இருந்தேன். எறிந்த பந்து கேப்டனின் முழங்கைக்குப் பக்கத்தில் பறந்து ஸ்டம்பில் அடித்தது. நான் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே.

எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் என் கால் இருந்த இடத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். நாட் அவுட் என்றால் ஜெயித்தோம். அந்த வாயில் இதற்கு முன் அவுட் என்ற சொல் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

“அவுட்டுங்க” என்றார். விரலைத் தூக்கிவிட்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேட்ச் டை. இரண்டு டீமும் கை குலுக்கியது. அந்தப் பௌலர் என் கையை மட்டும் விடாமல் குலுக்கினான். எனக்குச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. பட்டியல் இன்னும் பாக்கி.

வேப்பமரத்தடியில் கேப்டன் பேப்பரை முழங்காலில் வைத்து எழுதினார். பத்துப் பெயர் வரை பேனா நிற்காமல் ஓடியது. ரிக் வண்டிக்காரன் பெயர் மூன்றாவதாக வந்தது. பதினோராவது இடத்தில் பேனா நின்றது. மிச்சம் இருந்தது மச்சினனும் நானும். நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

“என்னை விட்டுருங்க. அம்பயருக்கு நிக்கறதுக்கு மட்டும் வாரேன்.”

கீப்பர் சிரித்தான். “நீ அம்பயரா நின்னா, நாம எதுக்குப்பா பொங்கலுக்கு அவ்ளோ தூரம் போவணும்? இங்கயே தோத்துட்டு ஊட்டுக்குப் போயிரலாமே.”

கேப்டன் சிரிக்கவில்லை. “எனக்குப் பட்டதுங்கண்ணா” என்றார் மெதுவாக.

“என்னது?”

“பேட்டுலதானுங்க. பட்டது. நீங்க கத்துன பொறவு நான் எப்பிடிங்க நாளைக்கு காத்துன்னு சொல்லறது? அப்பறம் அங்க நின்னு உங்களுக்கு நாட் அவுட்டுன்னு கை ஆட்டவும் வரலீங்க. ஒரு மேட்ச்சு போச்சு.”

“டைதானுங்களே.”

“பேசாம இருங்க.” பேனாவை எடுத்தார். “மச்சினனுக்கு வயசிருக்குது. அடுத்த வருசம் ஆடிக்கட்டும். ஊட்ல நான் பேசிக்கறேன். ஆனா முதல் ஓவர் ரிக் வண்டிக்குத்தான். உங்களுக்கு அஞ்சாவது ஓவரோ ஆறாவது ஓவரோ, ஒண்ணே ஒண்ணு. சம்மதமுங்களா?”

முதல் ஓவர் போனது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அவர் மனம் மாறுவதற்குள் சரி என்றேன். மச்சினன் ஒரு நிமிஷம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, பிறகு எல்லோருக்கும் டீ சொல்லப் போனான். கேப்டன் எழுதி முடித்து, எல்லோரும் சரிபார்க்கட்டும் என்று பேப்பரை நீட்டினார். என் பெயர் பதினோராவதாக இருந்தது. பேப்பரை மடிப்பதற்குள் இரண்டு முறை படித்தேன்.