மேட்ரன் ஒரு தடவைதான் கேட்டார்

“முக்கும்மா, நல்லா முக்கு, பயப்படாத.”

ஒரு கரேன் இனப் பெண் தமிழில் இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். யாங்கோனில் நான் மருத்துவச்சியாக வேலை பார்த்த பிரசவ வார்டில், என்னைவிட ஆறு வயது மூத்த கரேன் மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். வலி உச்சத்துக்குப் போனால் எங்கள் தமிழ்ப் பெண்களுக்குப் பர்மிய மொழி மறந்துபோகும். அவர்களுக்காக என்னிடம் கேட்டு இந்த நாலு வார்த்தையைக் கற்றுக்கொண்டாள். உச்சரிப்பு கோணல்மாணலாகத்தான் இருக்கும், பிள்ளை நேராக வெளியே வந்துவிடும்.

அவளை நான் தமிழிலேயே அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னைத் தங்கச்சி என்பாள். மற்றதெல்லாம் பர்மிய மொழியில்தான் பேசிக்கொள்வோம். அதை இங்கே என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன், வேறு வழியில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வார்டுக்குப் பொறுப்பாக ஒரு சிஸ்டர் இருந்தார். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். முட்டிவலிக்காரர், பாவம், காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். வார்டை நடத்தியது அக்கா. எந்தக் கட்டிலில் யாருக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, எந்த டாக்டரை எப்போது எழுப்பலாம், எந்த மாமியாரை வெளியே அனுப்ப வேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் வார்டுப் பொறுப்புப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் அவள் பேர் வந்ததே இல்லை. புத்தரைக் கும்பிடும் ஊரில் அவள் கும்பிடும் சாமி ஏசு. என் அடையாள அட்டையிலோ இனம் என்ற இடத்தில் ‘இந்தியர்’ என்று போட்டிருந்தது. எங்களை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பட்டியல் வரும், அதில் நாங்கள் இருக்க மாட்டோம், அவ்வளவுதான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை. ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவேன். வார்டின் படுக்கை விரிப்பும் துண்டும் அடுக்கி வைத்த சின்ன அறை அது. கஞ்சியும் பினாயிலும் கலந்து ஒரு வாசனை. ஒருநாள் அக்கா பின்னாலேயே வந்து ஒரு துணிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள்.

“கத்தினது போதும். இதுல உக்காரு. நீதான் சிஸ்டர். நான் டாக்டர். உன் வார்டு நர்ஸ் பொண்ணு ஒருத்தி ஊசிய மாத்திப் போட்டுட்டான்னு திட்ட வந்திருக்கேன். பதில் சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் அது தொடங்கியது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், பார்வையாளர்கள் போன பிறகு, அக்காவும் நானும் ஒரு சின் இன நர்ஸும் அந்த அறையில் கூடுவோம். எங்களை யாரும் பயிற்சிக்கு அனுப்பவில்லை, ஆகவே நாங்களே ஒன்று வைத்துக்கொண்டோம். ஒருத்தி பெட்டியில் உட்கார வேண்டும், மற்ற இருவரும் அவளைப் படுத்தி எடுக்க வேண்டும். காலை ரிப்போர்ட்டைத் தலை நிமிர்ந்து சொல்லிப் பழகினோம். வேலையை நாமே இழுத்துப் போட்டுச் செய்யாமல் பிரித்துக் கொடுக்கப் பழகினோம். இதுதான் எனக்கு வரவே வராது. ஆயாவாக நடிக்கும் அக்காவிடம் “தரையைத் துடைங்க” என்று சொல்லிவிட்டு நானே துடைப்பத்தைத் தேடுவேன். சின் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நடுவில் ஒரு தட்டு தேயிலை சாலட் இருக்கும், ஊறவைத்த தேயிலையில் பொரித்த பூண்டும் பயறும் போட்டது. பூண்டை யார் பொறுக்குவது என்று சண்டை வரும்.

அக்கா எங்களிடம் ரொம்பக் கறாராக இருந்தது ஒரே விஷயத்தில். பர்மாவில் ‘ஆனாடே’ என்று ஒன்று உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்று நம்மை நாமே பின்னுக்கு இழுத்துக்கொள்வது. ஒன்றைக் கொடுத்தால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொடுப்பவர் மறுபடி கேட்க வேண்டும். மூன்றாம் தடவை, தலையைக் குனிந்துகொண்டு, சரி என்று வாங்க வேண்டும். நமக்கும் இது புதிதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் “இப்பதான் சாப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு இலை போடும்வரை காத்திருக்கிற ஜாதிதானே நாம். ஆனால் பதவி விஷயத்தில் இது ஆளைக் கவிழ்த்துவிடும் என்பது அக்காவின் கட்சி.

“நம்மள மாதிரி ஆளுங்கள ரெண்டாவது தடவ யாரும் கேக்க மாட்டாங்க” என்பாள். “கேட்டா ஒடனே ‘செய்றேன்’னு சொல்லணும். எங்க, சொல்லு.”

“செய்றேன்.”

“தரையப் பாக்காத. என்னப் பாத்துச் சொல்லு.”

“செய்றேன்.”

இப்படி எத்தனை செவ்வாய்க்கிழமை சொல்லியிருப்பேன்.

சிஸ்டர் பதவி அக்காவுக்கு வெறும் பெருமைக்காக வேண்டியிருக்கவில்லை. நகரத்துக்குள் இருந்த அவர்கள் குடியிருப்பைக் காலி செய்து குடும்பத்தையே வடக்கே ஊர்க்கோடியில் ஷ்வேப்யிதாவுக்கு அனுப்பியிருந்தது அரசாங்கம். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும், படியில் தொங்கிக்கொண்டு. காலை ட்யூட்டி என்றால் விடியுமுன்னே கிளம்பி வந்து குழாயடியில் முகம் கழுவி, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொள்வாள். சிஸ்டர் ஆகிவிட்டால் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே ஒரு அறை கிடைக்கும். ஜன்னலுக்கு வெளியே மாமரம் இருக்கிற அறை. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் அவள் அந்த ஜன்னலைப் பார்ப்பாள். திரை என்ன நிறத்தில் போடலாம் என்றுகூட ஒருநாள் கேட்டாள். நான் க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் வீட்டோடு இருந்தவள், பத்து நிமிஷத்தில் பஸ் கிடைக்கும். எனக்கு அந்த அறை தேவையே இல்லை.

பழைய சிஸ்டர் ஓய்வு பெற்றார். மாண்டலேயிலிருந்து புது மேட்ரன் மாற்றலாகி வந்திருந்தார். நல்ல மனுஷி, ஆனால் காலில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்ட வேகம். ஒருநாள் காலை ரிப்போர்ட் நேரம் வார்டுக்கே வந்தார். நாங்கள் எல்லாரும் கை கட்டி நின்றோம். யாரும் எதிர்பார்க்கவில்லை, நேரே அக்காவைப் பார்த்தார்.

“வார்டுப் பொறுப்புப் பயிற்சிக்கு ஒரு இடம் இருக்கு. முடிச்சுட்டு வர்றவங்கதான் இந்த வார்டுக்கு சிஸ்டர். நீங்க போறீங்களா?”

சின் பெண் என் முழங்கையைக் கிள்ளினாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

“எனக்கு அவ்வளவு தெறமை இல்லீங்க, சயாமாஜீ. என்னவிடத் தங்கச்சி நல்லாச் செய்வா.”

எங்களுக்கு அத்தனை செவ்வாய்க்கிழமை சொல்லிக் கொடுத்தவள், நாலு பேர் எதிரில், பெரியவர் ஒருவர் கேட்டதும், பிறந்த நாளிலிருந்து பழகிய வழக்கத்துக்குப் போய்விட்டாள். அது மறுப்பே இல்லை. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். மேட்ரன் இன்னொரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மேட்ரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க?”

ஒரு மூச்சு விடும் நேரம் எனக்கு இருந்தது. “சயாமாஜீ, அவங்கள இன்னொரு தடவ கேளுங்க” என்று சொல்ல அது போதும். நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, பழக்கதோஷம் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த ஒரு மூச்சில் எனக்கு எல்லாம் தெரிந்தது. நான் ஆசைப்பட்டேன். பட்டியலில் என் பேர் வர வேண்டும் என்று அவளைப் போலவே நானும் ஆசைப்பட்டிருந்தேன், ஒருநாளும் வெளியே சொன்னதில்லை.

தலை நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, “செய்றேன்” என்றேன்.

மேட்ரன் குறித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா என் தோளைத் தட்டி, “நல்லா சொன்ன” என்றாள். அதற்குப் பிறகு ஆறாம் கட்டிலுக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்தாள்.

பயிற்சி முடித்து நான் திரும்பி வந்த முதல் காலை அக்காதான் ரிப்போர்ட் சொன்னாள். நான் நாற்காலியில், அவள் எதிரில், கை கட்டி. முடித்துவிட்டு, “அவ்வளவுதாங்க, சயாமா” என்றாள். நர்ஸம்மாவை எல்லாரும் கூப்பிடுகிற மரியாதைச் சொல்தான். மற்றவர்கள் முன்னால் அப்படித்தான் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன். வராந்தாவில் தனியாக இருந்தபோதும் அதையேதான் சொன்னாள்.

வீம்பு இல்லை, கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நான் சொல்வதற்கு முன்பே வேலை முடிந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் செய்யும் ஒட்டரிசிப் பலகாரத்தை முன்பெல்லாம் என் வாயில் திணிப்பாள். இப்போதும் கொண்டு வந்தாள். இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய், மாமர ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதேன். ஆம், அந்த அறை எனக்குக் கிடைத்தது. மறுக்கக்கூட இல்லை நான்.

அறையை அவளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். “ஆஸ்பத்திரி விதி இடம் கொடுக்காதுங்களே, சயாமா” என்றாள். விதி இடம் கொடுக்காது என்பதும் உண்மைதான். செவ்வாய்க்கிழமைகளில் துணி அறையைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். சின் பெண் இரண்டு வாரம் வந்தாள், பிறகு அவள் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டாள். சிஸ்டருடன் உட்கார்ந்து யார் தேயிலை சாலட் தின்பார்கள்?

ஊரை விட்டுப் போனவர்களுக்காக ஏங்குவார்கள். நான் தினமும் காலையில் எதிரில் வந்து நிற்கிறவளுக்காக ஏங்கினேன். வலி எடுத்த தமிழ்ப் பெண் யாராவது வந்தால் வேண்டுமென்றே பிரசவ அறைக்கு வெளியே நிற்பேன். உள்ளே அவள் குரல் கேட்கும், “பயப்படாத, பயப்படாத” என்று. என்னிடம் வாங்கிய தமிழை அந்தப் பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் கிடைக்காது.

இப்படியே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பெரிய புயல் அடித்து டெல்டா அழிந்ததே, அதற்கு அடுத்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டு உதவியில், சிறுபான்மை இன நர்ஸுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் என்றே ஒரு தலைமைப் பயிற்சி. வார்டு சிஸ்டர் ஒருவர் பேரைப் பரிந்துரைக்கலாம். பயிற்சி முடித்தவரை டெல்டாவில் ஒரு மருத்துவமனைக்குப் பொறுப்பாகப் போடுவார்கள், வீடும் உண்டு. எங்கள் துணி அறையை யாரோ எட்டிப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருந்தது.

அன்று மத்தியானம் வராந்தாவில் அவளை நிறுத்திக் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“நீங்க போறீங்களா?” என்றேன்.

“வேண்டாங்க, சயாமா. சின்னப் பொண்ணுங்க யாரையாவது அனுப்புங்க.”

இது எனக்குத் தெரிந்த வழி. இரண்டாம் தடவை கேட்டேன். “உங்களவிட யாருக்கும் இதுக்குத் தகுதி இல்ல. போங்க.”

“என்னால முடியாதுங்க.”

மூன்றாம் தடவையும் கேட்டேன். “அக்கா, போ. எனக்காகப் போ.”

கடிதத்தை மடித்து என் கையில் வைத்தாள். இந்த முறை முழங்கையைத் தாங்கவில்லை.

“முட்டி வலிக்குது. ஷ்வேப்யிதாவுல வாசல்ல நாலு முருங்க வச்சிருக்கேன். இது ஆனாடே இல்ல. நெசமாவே வேண்டாம்.”

நான் தலையாட்டினேன். போகத் திரும்பியவள் நின்றாள்.

“அன்னிக்கு மேட்ரன் ரெண்டாவது தடவ கேக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நான்தான் உங்களுக்கே அதச் சொல்லிக் கொடுத்தேன். மேட்ரன நான் எதிர்பாக்கல” என்றாள். “நீ எனக்காகக் கேப்பேன்னு நெனச்சேன்.”

உள்ளே யாருக்கோ வலி கூடிவிட்டது. அவள் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பிரசவ அறைக்குள் போய்விட்டாள்.