தகரத்துக்கு எண்ணெய் விட்டவள்

கமலாம்பிகையை எனக்குக் கோர்ட்டில்தான் பழக்கம். நான் திருச்சிக்காரி. கணவர் தென் லண்டனில் டாக்டர். பிள்ளைகள் வளர்ந்த பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கோர்ட்டுகளில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் இலங்கையிலிருந்து ஜனங்கள் வந்தபடி இருந்ததால் வேலைக்குக் குறைவில்லை. அவர்கள் பேசும் தமிழ் காதுக்குப் பழக ஒரு வருடம் ஆயிற்று. வக்கீல்கள் பேசும் ஆங்கிலம் பழக அதைவிட அதிக நாளானது. நேராகப் பதில் சொல்லுகிறவர்களைக் குழப்புவதற்கென்றே சிலருக்கு இந்த ஊரில் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதை இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

1994 கோடையில் எனக்கு ஒரு கொலை வழக்கு வந்தது. கூண்டில் நின்ற பையன் பெயர் கணேசலிங்கம். கமலாம்பிகை அவனுடைய அக்கா.

அக்கா என்று சொன்னாலும் அவனுக்கு அவள்தான் அம்மா. கொக்குவிலில் தாய் செத்துப்போனபோது அவன் பால்பல் விழாத பிள்ளை, இவள் தாவணி வயதைத் தாண்டிக்கொண்டிருந்தவள். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தாள். கல்யாணமாகி 1986இல் புருஷன் செல்வரத்தினத்தோடு லண்டனுக்கு வந்தவள், தம்பியைக் கூப்பிடும் வரை நிம்மதியாகத் தூங்கவில்லை என்று அவளே சொன்னாள். ஏஜென்ட் பிடித்து, நாலு நாடு சுற்றவைத்து, ஒரு வழியாக 1990இல் அவனைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

கோலியர்ஸ் வுட்டில் வாடகை வீடு. முன்னறையில் தையல் மெஷின். பாவாடை, ஜாக்கெட், பிள்ளைகளின் சட்டை எல்லாம் தைத்தாள். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால் பாதிப் பெண்களின் முதுகில் தன் தையலைப் பார்க்கலாம் என்று அவளுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. புருஷன் பேக்கரியில் ஷிப்ட் வேலை செய்தான். விசா வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பெண் குழந்தைகள். அவர்களோடேயே தங்கியிருந்த தம்பி பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்து நல்லபடியாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி அவ்வளவு நல்லபடியாக இல்லை. டூட்டிங் பக்கம் தமிழ்ப் பையன்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஊர்ச் சண்டையா, கிரிக்கெட் சண்டையா, யார் யாரை முறைத்தான் என்ற சண்டையா என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. பாதிப் பேருக்கு வீட்டில் இன்னும் சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தால் சண்டியர்கள். கணேசலிங்கத்தின் கூட்டத்திடம் ஒரு பிஸ்டல் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கியது. உள்ளங்கையில் அடங்கும், பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருக்கும். அது சுடாது. மிச்சம் காமன் என்ற பெரிய புல்வெளியில் கொண்டுபோய்ப் பார்த்தார்களாம், ஒவ்வொரு தடவையும் குண்டு உள்ளே சிக்கிக்கொண்டது. அதற்குத் 'தகரம்' என்று பெயர் வைத்தார்கள். இருந்தாலும் வைத்திருந்தார்கள், காட்டுவதற்காக. அதைப் பார்த்துப் பயந்தவர்களும் பின்னால் விஷயம் தெரிந்து சிரித்தார்கள். தகரத்தின் புகழ் இரண்டு கூட்டத்திலும் பரவியிருந்தது.

1993 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீடியோக் கடைக்குப் பின்னால் வாய்ச்சண்டை முற்றியது. கணேசலிங்கம் தகரத்தை எடுத்து நீட்டினான். எதிர்க்கூட்டத்து அருள்நேசன் என்ற பையன், "உந்தச் சாமானை உள்ளுக்க வை மச்சான், உது சுட்டால் நான் உன்ர பேரை வைச்சுக்கொள்ளுறன்" என்று சிரித்துக்கொண்டே கிட்ட வந்தான். கணேசலிங்கம் எப்போதும்போல விசையை இழுத்தான். அன்றைக்கு அது சுட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அருள்நேசன் இறந்துபோனான்.

'அது சுடாது என்றுதான் நினைத்தேன், பயம் காட்டத்தான் இழுத்தேன்' என்பது கணேசலிங்கத்தின் கட்சி. ஜூரி அதை நம்பினால் கைப்பிழையாக நடந்த மரணம், சில வருடத் தண்டனை. நம்பாவிட்டால் கொலை, ஆயுள் தண்டனை. வழக்கு முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் நின்றது.

அரசுத் தரப்பு ஒரு துப்பாக்கி நிபுணரைக் கூப்பிட்டது. நான் கூண்டுக்குள் கணேசலிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து காதோரமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பிஸ்டலுக்கு ஒரு சரித்திரமே இருந்தது. அமெரிக்காவில் 1968இல் வெளிநாட்டு மலிவுப் பிஸ்டல்கள் உள்ளே வராமல் தடுத்தார்களாம். உடனே கலிபோர்னியாவில் சிலர் அதையே உள்நாட்டில் செய்ய ஆரம்பித்தார்கள். நல்ல எஃகு கிடையாது. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றி வார்த்தது. ஒரு ஜோடி நல்ல ஷூவின் விலைக்குக் கடையில் கிடைக்கும். அதனால் ஏழைகள் வீட்டுக் காவலுக்கு வாங்கினார்கள், திருடர்கள் திருட்டுக்கு வாங்கினார்கள். சனிக்கிழமை இரவுக் குடிச் சண்டைகளில் அடிக்கடி அகப்பட்டதால் சனிக்கிழமை இரவுச் சாமான் என்று பட்டப்பெயர். போலீஸ் கைப்பற்றும் துப்பாக்கிகளின் கணக்கில் இந்த ரகம் எப்போதும் முன்வரிசையில் நிற்கும். அழுக்குச் சேர்ந்தால், வறண்டுபோனால் சிக்கிக்கொள்வது இதன் வழக்கம் என்றார் நிபுணர். இது எப்படி லண்டனுக்கு வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. கேவலம், ஒரு தகரச் சாமான் எத்தனை கடலைத் தாண்டி வந்து ஒரு பிள்ளையைக் கொன்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார். இந்தப் பிஸ்டலை யாரோ சமீபத்தில் நன்றாகத் துடைத்து மெல்லிய எண்ணெய் விட்டிருக்கிறார்கள். தையல் மெஷினுக்கு விடுகிற மாதிரி எண்ணெய். அதனால்தான் அது சரியாக வேலை செய்தது. மேற்பகுதியின் பள்ளங்களில் சிவப்புத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. செங்கல் தூளோ என்று பார்த்தால் இல்லை, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த ஏதோ ஒன்று.

அரசுத் தரப்பு வக்கீல் ஜூரியைத் திரும்பிப் பார்த்தார். சுடாத துப்பாக்கியை ஒருவன் எதற்காக எண்ணெய் விட்டுத் தயார் செய்வான் என்று கேட்டார்.

'மஞ்சளும் சுண்ணாம்பும்' என்று நான் சொன்னதும் கணேசலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கும் புரிந்துவிட்டது. குங்குமத்தைத் தெரியாத தமிழச்சியா நான்? ஆனால் மொழிபெயர்ப்பவளுக்குக் கோர்ட்டில் வாய் கிடையாது. அடுத்தவர் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும்.

மத்தியான இடைவேளையில் அவனுடைய வழக்கைத் தயார் செய்த வக்கீலான சொலிசிட்டர், சின்ன வயது ஆங்கிலப் பெண், என்னோடு கீழே அவனை அடைத்திருந்த அறைக்கு வந்து அந்தத் தூள் என்னவென்று கேட்டாள்.

"தெரியாதெண்டு சொல்லுங்கோ" என்றான் கணேசலிங்கம். அப்படியே சொன்னேன். பிறகு என்னைப் பார்த்து, "அக்காவை இதுக்குள்ள இழுக்க வேண்டாம். ரெண்டு பிள்ளையள் இருக்குது, விசாவும் இல்லை" என்றான். அதையும் நான் ஆங்கிலத்தில் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

சொலிசிட்டர் என்னையும் கூட்டிக்கொண்டு மேலே போனாள். தம்பி நல்லவன் என்று சாட்சி சொல்வதற்காக வந்திருந்த கமலாம்பிகை கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாட்சி என்பதால் அதுவரை உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சொலிசிட்டர் அவள் நெற்றிப் பொட்டையே பார்த்துக்கொண்டு, துப்பாக்கியில் ஒட்டியிருந்த சிவப்புத் தூள் இதுதானா என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

"துவக்கில குங்குமம் எப்பிடி அக்கா வரும்? நான் அந்தத் துவக்கைக் கண்ணாலயும் காணேல்லை" என்றாள் கமலாம்பிகை.

சொலிசிட்டர் தன் காகிதக் கட்டிலிருந்து துப்பாக்கியின் போட்டோவை எடுத்துக் காட்டினாள். கமலாம்பிகை அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது லைட்டர் எல்லோ" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். அக்டோபரில் ஆயுத பூசை வந்தது. அவள் வழக்கம்போல வீட்டுச் சாமான்களை எல்லாம் எடுத்துப் பேப்பரில் பரப்பி, துடைத்து, எண்ணெய் விட்டாள்: தையல் மெஷின், கத்தரிக்கோல், புருஷனின் குறடு, ஸ்பானர். புருஷனின் டூல் பெட்டி அடியில் ஒரு பழைய சாக்ஸுக்குள் அது இருந்தது. சின்னது, பளபளப்பு, கைப்பிடி உள்ளே வெறும் பொந்து. அந்த நாளில் துப்பாக்கி உருவத்தில் சிகரெட் லைட்டர் சந்தைக் கடையெல்லாம் விற்றது. காஸ் போடுகிற இடம் காலியாக இருக்கிறது என்று நினைத்தாள். புருஷன் சிகரெட்டைத் தொடாதவன், அதனால் தம்பிதான் தனக்குத் தெரியாமல் சிகரெட் குடித்து, இதை இங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினாள். ஆயுத பூசையில் எதையும் அழுக்காக விடக்கூடாது என்று அதையும் துடைத்தாள். மேற்பகுதி இறுகிப்போய் அசையாமல் இருந்தது. எண்ணெய் விட்டு இழுத்து இழுத்துப் பார்த்து இளக்கினாள். சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு, பூசைக்கு வருகிறவர்கள் கண்ணில் பட்டால் தம்பிக்கு வெட்கமாகிவிடும் என்று பொட்டைத் துடைத்துவிட்டு, பழையபடி சாக்ஸில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாள். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளர்ந்த பிள்ளை, மரியாதையாகத் தானே சிகரெட்டை விடுவான் என்று இருந்தாள். குண்டுகள் இருந்த பாகத்தைத் தம்பி தன் ஜாக்கெட் பையில் தனியாக வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

சொலிசிட்டரின் கண் பிரகாசமானது. இதைக் கோர்ட்டில் சொன்னால் தம்பிக்குப் பெரிய உதவி, ஆனால் உங்கள் மேலேயே வழக்கு வரலாம், விசாவுக்கும் ஆபத்து, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். பெஞ்சில் பக்கத்தில் இருந்த செல்வரத்தினம் மனைவியின் கையைப் பிடித்து, "கமலம், பிள்ளையளை யோசி" என்றான்.

"யோசிச்சால் ஏலாமல் போயிடும்" என்றாள் கமலாம்பிகை.

போலீஸ்காரர்கள் அவள் வீட்டுக்குப் போய்க் குங்குமச் சிமிழையும் எண்ணெய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. அடுத்த வாரம் அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். உன்னைக் குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று நீதிபதி எச்சரித்தார்.

"சொல்லத்தான் வந்தனான்" என்றாள்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். யுத்தம் நடக்கிற நாட்டிலிருந்து வந்தவள், துப்பாக்கி எது என்று தெரியாது என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்.

"துவக்கு எனக்குத் தெரியும். எங்கட வீட்டுப் படலை வாசலில ஆமிக்காரன் பிடிச்சுக்கொண்டு நிண்டது துவக்கு. கறுப்பு, பாரம். இயக்கப் பெடியள் தோளில கொண்டு போனதும் துவக்கு. இது அப்பிடி இருக்கேல்லை. இது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது."

"தம்பியைக் காப்பாற்ற நீங்கள் எதையும் சொல்வீர்கள், இல்லையா?"

"ஓம், சொல்லுவன். ஆனால் இது பொய்யில்லை."

அவர் உட்கார்ந்தார். "நான்தான் எண்ணெய் விட்டனான். அவனுக்குத் தெரியாது. நான் தொடாட்டில் அது சுட்டிருக்காது" என்று யாரும் கேட்காமலே அவள் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதற்கு முன்பே பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அருள்நேசனின் தாய் பாலாம்பிகை.

ஜூரியின் தீர்ப்பு மறுநாள் வந்தது. கொலை இல்லை, கைப்பிழை மரணம். எட்டு வருடம். கமலாம்பிகை மேல் எந்த வழக்கும் போடவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எட்டு வருஷம் ஓடிவிடும், பாதியிலேயே விட்டாலும் விடுவார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

பாலாம்பிகை அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம். பாலாம்பிகையின் ஜாக்கெட் எல்லாம் கமலாம்பிகை தைத்துக் கொடுத்ததுதான். சத்தம் போடப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் சத்தம் போடவில்லை.

"அவன் சிரிச்சுக்கொண்டு கிட்டப் போனவனாம், கமலம். உது சுடாதெண்டு அவனுக்கும் தெரியுமாம்."

கமலாம்பிகை எழுந்து நின்றாள்.

"நீர் அதைத் தொடாமல் விட்டிருக்கலாம்" என்றார் பாலாம்பிகை.

"ஓம் அக்கா."

பாலாம்பிகை படியிறங்கிப் போய்விட்டார். செல்வரத்தினம் கோட்டை எடுத்துக் கொடுத்தான். கமலாம்பிகை வாங்கவில்லை.

"தம்பிக்காகத்தான் சொன்னனான், அக்கா" என்றாள் என்னிடம். "அவவும் உள்ளுக்க இருந்து கேட்கிறா எண்டதை நான் நினைக்கேல்லை. தம்பி கொல்லேல்லை எண்டு தீர்ப்பு எழுதிப்போட்டினம். அப்ப அவவின்ர பிள்ளையைச் சாகடிச்சது நான்தானே."

அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்று நான் ஆரம்பித்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.