பொட்டு ஒட்டித் தேடுகிறவள்

வேலைக்கு அழைத்த வீட்டில், செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்த கையோடு அறிவுமதி தன் மாமியாரைத் திட்ட விடுகிறாள். "ஏண்டி, உப்பு டப்பாவ மூடி வெக்கத் தெரியாதா ஒனக்கு" என்று தொடங்கும் அந்தக் குரலை அவள் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறாள். அதைப் பழுதான ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டுக் கூடத்தின் நடுவே கைகட்டி நின்று கேட்கிறாள். பாட்டென்றால் இடைவெளி வரும். செய்தி வாசிப்பவர்கூட மூச்சு வாங்குவார். ராணியம்மாள் மருமகளைத் திட்டும்போது மூச்சு விடுவதே இல்லை. "எங்க அத்தை நடுவுல நின்னாங்கன்னா அது ஸ்பீக்கர் கோளாறுதாங்க. அவங்களா நிக்க மாட்டாங்க" என்பாள். சங்கதி ராணியம்மாளுக்கும் தெரியும். ஊரில் பெரிய பெரிய வீடுகளில் தன் குரல் கேட்கிறது என்பதில் அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அறிவுமதி கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர்க்காரி. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்து, செல்போன் கடையில் சில காலம் நின்று, கடைக்காரரோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவள். கணவன் சக்கரவர்த்தி ஆட்டோ ஓட்டுகிறான். செங்கம் சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது ஸ்பீக்கர்களை வீட்டுக்காரரிடமே விட்டுப் போகிறார்கள். வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டு பாடுகிற பெட்டிகள். கரண்டுக்குத் தவிர வேறு கம்பி செருக ஒரு துளைகூட இருக்காது. செய்த கம்பெனியே மறந்துபோன வயது. நன்றாகப் பாடிக்கொண்டே இருக்கும், திடீரென்று வாயை மூடிக்கொள்ளும், தனக்கே தோன்றினால் மறுபடி திறக்கும். அறிவுமதியின் பிழைப்பு அந்த மௌனத்தில் நடக்கிறது.

ஸ்பீக்கரைத் திறந்து பார்க்க அவள் அவசரப்படமாட்டாள். பால்குடி மாறாத பிள்ளையைப்போல அதை இடுப்பில் வைத்து, நீளக் கரண்ட் ஒயரை இழுத்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள். குரல் அறுபடும் இடத்தில் நின்று, பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை உரித்துச் சுவரில் ஒட்டுவாள். பொட்டுகள் சேர்ந்ததும் தள்ளி நின்று பார்ப்பாள். "அலை வந்துட்டுதான் இருக்கு. குறுக்க யாரு நிக்கிறாங்கனு பாக்கணும், அவ்ளோதான்." ஒரு காபிக்கடையில் குறுக்கே நின்றது பன் சூடாக்கும் மைக்ரோவேவ். ஒரு விடுதியில் இரும்பு பீரோ. வேலை முடிந்ததும் பொட்டுகளை உரித்துவிடுவாள். மறந்த வீடுகளில் அவை இன்னும் இருக்கின்றன. சுவருக்குச் சுமங்கலிக் களை என்று யாரோ கேலி செய்ய, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவளைத் தலைகுனிய வைத்த வீடும் ஒன்று உண்டு. கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருக்கும் சம்பந்தமூர்த்தி குருக்களின் வீடு.

பக்கவாதம் குருக்களின் பேச்சை எடுத்துக்கொண்டுவிட்டது. தண்ணீர் கேட்கக்கூட வார்த்தை வருவதில்லை. ஆனால் வருஷக்கணக்காகச் சொன்ன அர்ச்சனை நாமங்களை ஒலிக்கவிட்டால் உதடு கூடவே அசைகிறது, சில சமயம் குரலும் வருகிறது. இதைக் கண்டுபிடித்த டாக்டர், தினமும் செய்யுங்கள், இந்த வழியாகப் பேச்சு திரும்பினாலும் திரும்பும் என்று சொல்லியிருந்தார். ஒரு கிரகப்பிரவேசத்தில் யாரோ பதிந்த அவருடைய பழைய குரலையே மனைவி பாகம்பிரியாள் தேடி எடுத்தார். கைபேசியின் கீச்சுக்குரல் அவருக்குப் பிடிபடவில்லை. மாடியில் குடியிருந்தவர் விட்டுப்போன ஸ்பீக்கரைக் கட்டிலருகே வைத்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். குளித்து விபூதி இட்டுக்கொண்ட பிறகு, காலையில் மட்டும்தான் சொல்வார். அர்ச்சனைக்கு உரிய நேரம் அவருக்கு அதுதான்.

அந்தக் காலை வேளையில்தான் பெட்டி திக்கும். ஒரு நாமத்தின் நடுவில் ஸ்பீக்கர் நின்றால் அவரும் அங்கேயே நின்றுபோவார். மறுபடி ஒலி வந்தாலும் பிடித்துக்கொள்ளத் தெரியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நாளாக ஆக, ஸ்பீக்கரைக் கண்டாலே வேண்டாம் என்று கையை ஆட்டத் தொடங்கினார்.

அறிவுமதி இரண்டு முறை வந்து பார்த்தாள். காலையில் காபிக்கடைகளின் வேலை இருப்பதால், இரண்டு முறையும் மத்தியானத்தில் வந்தாள். ராணியம்மாள் ஒரு சொல் பிசகாமல் திட்டித் தீர்த்தார். பொட்டு ஒட்ட இடமே கிடைக்கவில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்திருக்கிறது, ஊரெல்லாம் போன், அதனால்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். கூட்டம் கலைந்து போயிற்று, பெட்டியின் திக்கல் போகவில்லை.

பாகம்பிரியாள் கோபப்படவில்லை. "நீ வரச்சே எல்லாம் சமத்தா இருக்கு. நீ அந்தண்ட போனா திக்கறது. அவர் இன்னிக்கு வாயே தெறக்கலை, அறிவு" என்று மட்டும் போனில் சொன்னார். அது அறிவுமதிக்குச் சுருக்கென்று தைத்தது. வைத்தியர் வருகிற நேரம் பார்த்து வலி ஒளிந்துகொள்கிறதென்றால், வைத்தியர்தான் நேரத்தை மாற்ற வேண்டும். மறுநாள் காபிக்கடைக்காரரிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே வந்து நின்றாள்.

ராணியம்மாள் உப்பு டப்பாவைத் தாண்டவில்லை, குரல் அறுந்தது. அறிவுமதிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள், ஒட்டினாள், நடந்தாள். பூஜை அறை வாசலில் வைஃபை பெட்டி. மறுகோடியில் குருக்களின் அறை. நடுவில் நீண்ட நடை. நடையில் வைஃபை பெட்டிப் பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. குருக்களின் அறைப் பக்கம் சுவர் முழுக்கப் பொட்டு. நடுவே என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள்.

மேலே மூங்கில் கழியில் பாகம்பிரியாளின் ஒன்பது கஜப் புடவையும், அதையடுத்துக் குருக்களின் கோயில் வேட்டியும் மடிப்பு மடிப்பாய் நடையை அடைத்துத் தொங்கின. இரண்டிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பூஜைக்கு ஆசாரமாகக் கட்டிக்கொள்ளும் மடித்துணி அது. விடிகாலையில் நனைத்து, யார் கையும் படாத உயரத்தில், கோலால் தூக்கி உலர்த்துவது. மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஐயா கோயிலுக்குப் போவதில்லையே, வேட்டி எதற்கு நனைக்கிறீர்கள் என்று அறிவுமதி தயங்கிக் கேட்டாள்.

"எப்போ எழுந்துண்டாலும் கட்டிக்கத் தயாரா இருக்கணுமோல்லியோ" என்றார் பாகம்பிரியாள்.

அறிவுமதி மறுபடி மேலே பார்த்தாள். அவர் எழுந்துவிடுவார் என்று நம்பித் தினமும் நனைத்த வேட்டிதான் அவர் குரலை வழியில் மறித்துக்கொண்டிருந்தது. இதை எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துத்தான் சொன்னாள். "தண்ணி இந்த அலைய குடிச்சிடும் மாமி. பெட்டி பழசு, அதுக்கு வர்றதே கம்மி. ஈரத்துணி ஜாஸ்தியா தொங்குதுல்ல, மிச்சத்தையும் அது குடிச்சிடுது." துணியை அவள் தொடக்கூடாது. வைஃபை பெட்டியை நடையைத் தாண்டி ஐயா அறைப் பக்கம் கொண்டுவந்துவிடலாம், ஒயர் மட்டும் வாங்கிவர வேண்டும் என்றாள்.

பாகம்பிரியாள் ஒயருக்குக் காத்திருக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த மடிக்கோலை எடுத்தார். புடவையையும் வேட்டியையும் சேர்த்து ஒரு ஓரமாகத் தள்ளினார். வழவழத்த கழியில் ஈரத்துணி நிற்கவில்லை, கனத்தில் திரும்பி வழுக்கி வந்தது. மறுபடி தள்ளி, கோலால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். அறிவுமதி மாமியாரை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரைக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, குருக்களின் குரலைப் போட்டாள்.

அறைக்குள்ளிருந்து அர்ச்சனை ஒலித்தது. ஒரு நாமம், அடுத்தது, அதற்கடுத்தது. எங்கும் அறுபடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கணீர்க்குரலுக்கு அடியில் இன்னொரு குரல், கரகரப்பாக, தடுமாறிக்கொண்டு, ஒரு "நம" மட்டும் சொன்னது. பிறகு முழுதாக "நமஹ" என்றது.

பாகம்பிரியாளின் முகம் கோணிற்று. ஒரு கணம் அறையைப் பார்த்தார், கோலைப் பார்த்தார். வெளியார் விரல் பட்டிராத அந்தக் கோலை அறிவுமதியின் கையில் கொடுத்தார். "இத செத்த பிடிச்சுக்கோடீம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் ஓடினார்.

அறிவுமதி கோலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். ஈர வேட்டியின் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கையை நனைத்தது. கை கடுத்தது. உள்ளே இரண்டு குரல்களும் அடுத்த நாமத்துக்குப் போயின. அவள் குதிகாலை உயர்த்தி, துணியை இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினாள்.