தொண்ணூற்றைந்தரை டிகிரி

நான் திருடித் தின்கிறேன் என்றார்கள். எண்பதுகளின் தொடக்கம். ஆனையூரில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை, நாற்பது வயது, உடம்பில் சர்க்கரை. இரண்டு வருடமாக மாத்திரை போட்டும் அது குறையவில்லை. அதனால் வந்த பழி.

அப்போது வீட்டிலேயே ரத்தம் பார்க்கும் கருவியெல்லாம் ஏது? கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் தப்பித்தோம். செங்கல் நிறத்துக்குப் போனால் மோசம். எனக்குத் தினமும் செங்கல்தான். காய்ச்சுகிறவர் என் வீட்டுக்காரர். நிறம் மாறியதும் கத்த ஆரம்பிப்பார்.

“என்னத்தத் திண்ட? உண்மையச் சொல்லு.”

“ரெண்டு சப்பாத்தி. உங்க கண்ணு முன்னாலதான திண்டேன்?”

“அப்ப இது எங்கேருந்து வருது, வானத்துலருந்தா?”

மாமியார் சீனி டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டிவிட்டுப் போகட்டும். “பள்ளிக்கூடத்துல மிட்டாய் வாங்கித் திம்பா” என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகளிடம் காப்பியடிக்காதே என்று சொல்கிற வாய் இது. என்னைப் போய்க் கள்ளி என்றால் வயிறு எரியாதா?

இன்னொரு தொல்லையும் இருந்தது. எனக்கு எந்நேரமும் குளிரும். அக்கினி நட்சத்திரத்தில் ஊரே விசிறியும் கையுமாக அலையும்போது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினேன். கையைத் தொட்டவர்கள், “என்ன டீச்சர், பானைத் தண்ணி மாதிரி இருக்கு” என்பார்கள். “சூடு சொரணை இருந்தாத்தான” என்று மாமியார் முணுமுணுப்பார். டாக்டர்களிடம் சொன்னாலோ, “அது வேற, இது வேற. நீங்க மொதல்ல வாயக் கட்டுங்கம்மா” என்று அனுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். “ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கப் போறேன். அவங்க குடுக்குறத மட்டும் திங்கிறேன். என் பையச் சோதிக்கட்டும், தலகாணிய உதறிப் பாக்கட்டும். அப்பறம் பேசுவோம்.”

“அங்க போயும் ஆயாகிட்டச் சொல்லி பஜ்ஜி வாங்குவ.”

“அதையும் வந்து பாருங்க.”

நகருக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெண் டாக்டர். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கட்டில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நர்ஸ் தர்மாமீட்டரை என் வாயில் வைத்தார், எடுத்தார், உதறினார், கட்டிலில் தொங்கிய சீட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. பக்கத்துக் கட்டிலுக்கும் அதே. எதிர்க் கட்டிலுக்கும் அதே.

“நீங்க அதப் பாக்கவே இல்லையே, சிஸ்டர்?”

“காய்ச்சல் இல்லைன்னா அம்புட்டுத்தாம்மா எழுதுவோம்.”

“முப்பது பிள்ளைகளும் ஒரே மார்க்குன்னா நான் சும்மா விடுவேனா? திரும்ப வைங்க.”

முறைத்துக்கொண்டே வைத்தார். இந்தத் தடவை பார்த்தார். தொண்ணூற்றைந்தரை. தர்மாமீட்டர் கெட்டுப்போச்சு என்று வேறொன்று கொண்டுவந்தார். அதிலும் தொண்ணூற்றைந்தரைதான். பழையதை அடித்துவிட்டு இதை எழுதச் சொன்னேன். எழுதினார். அடேயப்பா, அன்று எனக்கு வந்த சந்தோஷம்! அத்தனை நாள் நான் நடுங்கியது பொய்யில்லை.

ஐந்து நாள் இருந்தேன். அளந்து வைத்த சாப்பாடு. வேளைக்கு வேளை இன்சுலின். எல்லாம் அந்தச் சீட்டில் ஏறியது. ஊசி மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள், சர்க்கரை இறங்குவேனா என்றது. ஐந்தாம் நாள் வீட்டுக்காரரை உட்காரவைத்து டாக்டர் சொன்னார்.

“இவங்க எதையும் திருடித் திங்கல. இம்புட்டு இன்சுலின் போட்டும் அது சொல்றத இவங்க உடம்பு கேக்க மாட்டேங்குது. சில பேருக்கு அப்படி.”

“அந்தக் குளிரு?” என்றேன்.

“ரெண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். சர்க்கரையச் சரியா எரிக்காத உடம்புல சூடு கொறையலாம். வேற வேற கோளாறாவும் இருக்கலாம். எனக்குத் தெரியலம்மா.”

தெரியவில்லை என்று என்னிடம் சொன்ன முதல் டாக்டர் அவர்தான். கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப நெசமாவே நீ திங்கலையா?”

“ரெண்டு வருசமா நான் சொன்னேன், நம்பல. அஞ்சு நாள் சீட்டு சொன்னதும் நம்பிட்டீங்க.”

ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். மாமியார் வாசலில் நின்றார். பக்கத்து வீட்டம்மாவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். வீட்டுக்காரர் என் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போகப் பார்த்தார். நான் படி ஏறவில்லை.

“சொல்லிட்டுப் போங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு, “அவ திங்கலம்மா” என்றார்.

“ஏசுனப்ப தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. இதையும் அம்புட்டுச் சத்தமாச் சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. பையைக் கீழே வைத்தார்.

“எம் பொண்டாட்டி திருடித் திங்கல! நாந்தான் அவள நம்பல!”

அதற்குப் பிறகுதான் நான் வீட்டுக்குள் கால் வைத்தேன்.