முதுகில் பட்ட பந்து

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வீட்டில் ஓர் உத்தியோகம் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. ஒரே சோபாவின் இரண்டு அந்தங்களிலும் இருந்த இரண்டு ஆண்களுக்கு நடுவில் கதை கொண்டு போவதும் கொண்டு வருவதும்தான் அது. ஒருவர் என் அப்பா. மற்றவர் மாமா, அம்மாவின் அண்ணன். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஆனால் சொல்ல வேண்டியவை மட்டும் இருவரிடமும் நிறைய இருந்தன. "கொம்மானைக் கேள், குளிருக்கு டயர் மாத்தியாச்சோ எண்டு" என்பார் அப்பா. மாமா பக்கத்தில்தான் இருப்பார், அவருக்குக் காதும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் அவர் பக்கம் திரும்பி, "டயர் மாத்தியாச்சோ எண்டு அப்பா கேக்கிறார்" என்று சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழும். "போன கிழமையே மாத்தியாச்சு எண்டு கொப்பரிட்டைச் சொல்லு" என்று பதில் வரும். அதையும் நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். நான் இல்லாவிட்டால் இந்த வீடு நின்றுபோகும் என்று மனதார நம்பியிருந்தேன். அக்கா என்னைவிட மூத்தவள், ஆனாலும் இந்த வேலைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை என்பதில் எனக்குப் பெரிய திருப்தி.

அவளைக் கூப்பிடாததற்குக் காரணம் இருந்தது. சண்டையே அவளுடைய சாமத்திய வீட்டில், அவள் பெரியவளானதற்குச் செய்த சடங்கில்தான் வந்தது. பிள்ளையின் தலையில் முதலில் பாலும் அறுகும் வைப்பதும் தேங்காய் உடைப்பதும் தாய்மாமனின் உரிமை. மாமா மாமியையும் தட்டங்களையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்து காரில் புறப்பட்டார். ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஒரு லொறி குடை சாய்ந்து கிடந்தது. "வந்திட்டம், வந்திட்டம்" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார், வரவில்லை. எங்களுடையதோ வாடகை மண்டபம். அதைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர், ஐந்துக்குக் கதவைப் பூட்டுவேன் என்று சொன்னால் ஐந்துக்கே பூட்டுகிற மனிதர். வீடியோக்காரர் வேறு விளக்கைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் விரட்டினார். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையான ஒருவரைப் பிடித்து மாமாவின் இடத்தில் நிறுத்திவிட்டார். மாமா தட்டத்தோடு வாசலில் வந்து நின்றபோது உள்ளே கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "இனி இந்த வீட்டில கை நனைக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். வாடகை மண்டபத்தில் நின்றுகொண்டு 'இந்த வீடு' என்கிறாரே என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

வீட்டுக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, கை நனைக்க மாட்டேன் என்றுதான் சொன்னார். ஆகவே தங்கச்சியைப் பார்க்க ஞாயிறுதோறும் தவறாமல் வந்தார். வரும்போது ஒரு பிளாஸ்க்கில் தன் வீட்டுத் தேநீரையும் கொண்டு வந்தார். எங்கள் சோபாவில் இருந்து, பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது எழும்பிவிடுவார். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. "பிழை என்னிலை இல்லை, லொறியிலை" என்பதே அவருடைய நிலை. அதையும் என் மூலமாகவே தெரியப்படுத்தியிருந்தார். இருவரும் சேர்ந்து அம்மாவைத்தான் படாத பாடு படுத்தினார்கள். இந்த நாட்டில் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணனுக்கும் சேர்த்தே உலை வைப்பார். அவர் எழும்பிப் போன பிறகு அந்தப் பங்கைத் தனியாக எடுத்து மூடி வைப்பார். திங்கட்கிழமை பள்ளியால் வந்ததும் அது எனக்குக் கிடைக்கும் என்பதால் அதில் ஒரு துயரமும் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருந்தது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். எங்கள் பல்கனியிலிருந்து பார்த்தால் கீழே விளையாட்டு மைதானம் தெரியும். அதில் ஒரு பக்கத்தில் பேஸ்பால் ஆடுவார்கள். ஒரு நாள் மாமா பிளாஸ்க் மூடியோடு பல்கனியில் நின்று அதைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது எங்கட எல்லே எல்லே எண்டு கொப்பரைக் கேள்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லே என்பது அவர்கள் ஊர்ப் பள்ளிகளில் தடியும் பந்தும் வைத்து ஆடுகிற ஒரு விளையாட்டு, இரண்டாவது எல்லே 'அல்லவா' என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்வது என்று அப்பா அவிழ்த்துக் காட்டினார். இருவரும் அந்தக் காலத்தில் எல்லே ஆடியவர்கள், வேறு வேறு பள்ளிக்கூடங்களுக்காக. அப்பாவும் எழும்பிப் பல்கனிக்கு வந்தார். நான் நடுவில் நின்றேன்.

அந்த வருடம் வட்டார இறுதித் தொடருக்கு வந்தவை எங்கள் ஊர் அணியும் மாமாவின் ஊர் அணியும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், பரம்பரைப் போட்டி. ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்லும் அணிக்குக் கிண்ணம். அதுவரை இரண்டு அணிகளிலும் ஒருவனுடைய பெயர்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் "எங்கட ஊர்தான் வெல்லும், பந்தயமோ எண்டு கேள்" என்று மாமா தொடங்கினார். "ஓம் எண்டு சொல்லு. என்ன பந்தயம் எண்டும் கேள்" என்றார் அப்பா. மாமா யோசித்தார். அப்போது குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தோக்கிற ஆள் வெல்லுற ஆளின்ர வீட்டுக்குப் போய்ச் சாப்பிடோணும்."

பல்கனியில் இருவரும் குசினிப் பக்கம் திரும்பினார்கள். அம்மாவின் பேச்சுக்கு நான் தேவைப்படவில்லை, அது நேராகவே இருவருக்கும் கேட்டுவிட்டது. பின்வாங்கினால் தன் ஊர் அணியில் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். "சரி எண்டு சொல்லு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னிடம் சொன்னார்கள். எந்தப் பக்கம் முதலில் திரும்புவது என்று தெரியாமல் திண்டாடினேன்.

முதல் ஆட்டத்தைப் பல்கனியில் நின்றே பார்த்தோம். எங்கள் அணிக்குக் கருநீலச் சட்டை, அவர்களுக்குக் கறுப்பு. நாலாம் மாடியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுதான். ஆகவே யார் எந்தப் பக்கம் என்று பெரியவர்களே முடிவு செய்தார்கள். கிரிக்கெட்டில் பந்தெறிபவன் எதிரி என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் இங்கே தடி உருண்டையாக இருக்கிறது, விக்கெட் இல்லை, சுற்றி ஓடுகிறார்கள். எனவே இது எல்லே. எல்லேயில் அடிப்பவனுக்குப் பந்து போடுவது அவனுடைய சொந்தக் கட்சிக்காரன். அவன் விரும்பிய இடத்தில், விரும்பிய உயரத்தில், அடிக்கத் தோதாகப் போட்டுக் கொடுப்பான். எங்கள் ஊரில் பந்தெறிபவன் ஒரு நெட்டைப் பெடியன், அவனை மட்டும் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். அவன் எறிய எறிய ஒருவனாலும் அடிக்க முடியவில்லை. அப்பா துடித்துப்போனார். "உவன் என்ன தன்ர ஆளுக்கே அடிக்க ஏலாத மாதிரி எறியிறான்" என்று தலையில் கை வைத்தார். மாமா தேநீரை உறிஞ்சிக்கொண்டு, "நல்ல பெடியன் எண்டு கொப்பரிட்டைச் சொல்லு" என்றார். மாலையில் அப்பா தோற்ற முகத்தோடு இருந்தார். மாமா சிரித்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் பள்ளியில் விசாரித்தால், வென்றது எங்கள் ஊர். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் அந்த அணியில் இருந்தான். அவள் எனக்கு ஒரு காகிதத்தில் கோடு கீறி எல்லாவற்றையும் விளக்கினாள். அடுத்த ஞாயிறு நான் அதை இருவருக்கும் எடுத்துச் சொன்னேன். எறிபவன் எதிர்க்கட்சி என்றதும் இருவருடைய முகத்திலும் ஒரே மாதிரி அருவருப்பு வந்தது. "எதிரி எறிஞ்சால் அவன் எப்பிடி அடிக்கிறது" என்றார் அப்பா. "அதுதானே" என்றார் மாமா. இருவருமே என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள், ஆனால் ஒன்றையே சொன்னார்கள்.

அன்று மாமாவின் ஊரில் இரண்டு ஆட்டங்கள். சட்டையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று நேரிலேயே போனோம். இரண்டையும் அவருடைய ஊர் வென்றது. கடைசி ஞாயிறு எங்கள் ஊரில் மற்ற இரண்டு. காலை ஆட்டத்தை நாங்கள் வென்றோம். இப்போது இரண்டுக்கு இரண்டு. பின்னேர ஆட்டம்தான் எல்லாம்.

இடைவேளையில் மாமா எழும்பிக் கடையில் ஒரு பிரெட்சல் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து வாங்குப் பலகையில் இருந்தார். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, அப்பாவும் போகவில்லை. வந்தவரைத் தனியே விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை போலும். அம்மா ஒரு பெட்டியில் சூடாக ரோல்ஸ் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். "இது வீடு இல்லைத்தானே எண்டு மாமாவிட்டைச் சொல்லு" என்று சொல்லியும் விட்டார். நான் சொன்னேன். மாமா பெட்டியை எட்டிப் பார்த்தார். "மீனோ, இறைச்சியோ" என்று கேட்டார். இறைச்சி என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேண்டாம் பிள்ளை" என்றார். அவர் எடுக்காதபடியால் அப்பாவும் எடுக்கவில்லை. நான் ஒருத்தியே இருந்து முழுவதையும் தின்று தீர்த்தேன். உத்தியோகத்தில் அப்படியும் சில சலுகைகள் இருந்தன.

கடைசிச் சுற்று வரும்போது இரண்டு அணிகளும் சமமாக நின்றன. எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் ஓட்டப் பாதையின் இரண்டாவது நிலையில் நின்றான். அவன் சுற்றி வந்து, ஓட்டம் தொடங்கிய இடத்தில் இருக்கும் வீட்டுத் தட்டை மிதித்தால் கிண்ணம் எங்களுக்கு. பந்து அடிபட்டது. அவன் ஓடினான். மூன்றாவது நிலையையும் தாண்டி ஓடினான். தூரத்தில் பந்தைப் பொறுக்கிய கறுப்புச் சட்டைக்காரன் தன் பலம் முழுவதையும் கூட்டி எறிந்தான். பந்து வந்து ஓடுகிறவனின் முதுகில் 'பொத்' என்று பட்டு எகிறிப் போனது. அவன் ஒரு தரம் நெளிந்துவிட்டு, ஓட்டத்தை விடாமல் போய்த் தட்டை மிதித்தான்.

மைதானம் எழும்பி ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு குரல்கள் ஒன்றாக "அவுட்" என்று கத்தின.

எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்து பட்டால் அவுட். அதற்கு மேல் பேச்சில்லை. மாமா கத்தியதில் ஒரு ஞாயம் இருந்தது, தோற்றது அவருடைய ஊர். ஆனால் அப்பாவும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், தன் ஊர் வென்ற அந்த நிமிடத்தில், தன் ஊருக்கு எதிராக. முன்வாங்கில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் திரும்பி, இந்த விளையாட்டில் அது அவுட் இல்லை என்று பணிவாகச் சொன்னார். அதை மொழிபெயர்க்க நான் வாயைத் திறந்தேன். ஆனால் மாமா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார்.

"பட்டதெல்லே மச்சான்?"

"பட்டது மச்சான். முதுகில பட்டது. நான் கண்டனான்."

"பிறகென்ன, அவுட்தானே?"

"அவுட்தான். உவங்களுக்கு விளையாடத் தெரியேல்லை."

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இது எல்லே இல்லை, வென்றது நாங்கள், தோற்றது மாமா என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. அவன் அவுட் என்றால் தன் ஊர்தான் தோற்றது, ஆகவே தான்தான் மாமா வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும் என்றார் அப்பா. நடுவர் சொன்னது சொன்னதுதான், தோற்றது தான்தான் என்றார் மாமா. "இல்லை மச்சான், நான்தான்." "விசர்க் கதை கதையாதேங்கோ மச்சான், நான்." இப்படியே வாக்குவாதப்பட்டுக்கொண்டு இருவரும் மைதானத்தை விட்டு வெளியேறி எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். வாக்குவாதம் எல்லேக்குப் போனது, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனது, ஒரு பழைய ஆட்டத்தில் யாருடைய முதுகில் யார் எறிந்தது என்பதில் போய் நின்றது. பின்னால் நான், மாமா மறந்துவிட்டு வந்த பிளாஸ்க்கையும் வெறும் ரோல்ஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு சொல் குறையாமல் வேலை செய்தவளை, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் நடுத்தெருவில் விட்டுவிட்டார்கள்.

அம்மா கதவைத் திறந்தார். இருவரும் இன்னும் பேசிக்கொண்டேதான் உள்ளே போனார்கள். மாமா பேச்சு வாக்கில் நேராகக் கைகழுவும் இடத்துக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் இருந்தார். அம்மா குசினிக்கு ஓடினார். இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் சொதியும் கொண்டு வந்து வைத்தார். மாமா இடியப்பத்தில் சொதியை விட்டுப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். "உப்புக் காணாது" என்றார். பிறகு தலை நிமிராமல் சாப்பிட்டார். அப்பா அவருக்குப் பக்கத்தில் இருந்து, கேட்காமலே இறைச்சியை அள்ளி அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

என் முறைப்பாட்டைச் சொல்ல நான் குசினிக்குப் போனேன். அம்மா சொதிச் சட்டியைக் கையில் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால், சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். எனக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது, பாவமாகப் போய்விட்டது. அம்மா பிறந்த வீட்டுப் பக்கம்தானே தோற்றது, வாய்விட்டுச் சொல்ல முடியாமல் மனதுக்குள் அண்ணனுடைய அணிக்குத்தான் நேர்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்தேன்.

"அழாதேங்கோ அம்மா. அடுத்த வருசம் மாமாவின்ர ஊர் வெல்லும்."

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கட்டாயம் வெல்லும்."