லீவு கேட்பதற்கு மட்டும் அரபி

தினமும் பிற்பகல் இரண்டரை மணிக்கு, சவூதியின் தம்மாமில் என் சமையலறை மேசைமுன் உட்கார்ந்து, சிதம்பரத்து மின்விசிறி ஒன்றைப் பார்க்கிறேன். அங்கே அப்போது மணி ஐந்து. நான் பிறந்து வளர்ந்த ஊரில் இன்று எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அந்த மின்விசிறிதான். என்னிடம் வீடியோவில் ஓதப் படிக்கும் ஐந்து வயது யூசுப் கைப்பேசியைத் தரையில் மல்லாக்க வைத்துவிட்டு, அரபி எழுத்துகளை எங்கிருந்தோ ஒப்பிப்பான். ஒருநாள் குரல் கொஞ்சம் கனத்திருந்தது. விசாரித்தால், பக்கத்து வீட்டுப் பையனை உட்காரவைத்துவிட்டு இவன் விளையாடப் போயிருக்கிறான். அந்தப் பையன் யூசுப்பைவிட நன்றாகவே ஓதினான்.

யூசுப்பின் அம்மா கடலூரில் ஒரு ஜவுளிக் கடைக்கு ரயிலில் போய்வருகிறாள். அவளோடு வேலை செய்யும் முதுநகர் செல்வி ஒருநாள் என்னை அழைத்தாள்.

“அக்கா, எம் பொண்ணுக்கும் அரபி சொல்லித் தரணும். ஓதல்லாம் வேணாங்க்கா. பேச மட்டும் வந்தா போதும்.”

செல்வியின் கணவர் முருகன் ஜுபைலில் வெல்டர். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேர தூரம், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போல. மகள் தர்ஷினிக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. அப்பா வந்தால்தான் குத்திக்கொள்வேன் என்று இரண்டு வருடமாக அடம். வகுப்பில் மற்ற பெண்களெல்லாம் தோடு போட்டிருக்க, இவள் மட்டும் மூளிக் காதோடு போய்வந்தாள். முதலாளி லீவு தர மாட்டேன் என்கிறார் என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் வகுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள். “அலிஃப், பா எல்லாம் எனக்கு வேணாம் மிஸ். எங்கப்பாவ ஊருக்கு அனுப்புங்கன்னு அந்த மொதலாளிகிட்ட சொல்லணும். அது மட்டும் சொல்லிக் குடுங்க.”

இந்த நாட்டில் பதினோரு வருடமாக நான் கடையிலும் டாக்ஸியிலும் அரபியைவிட இந்தியும் மலையாளமும்தான் அதிகம் பேசியிருக்கிறேன். வெல்டரின் லீவுத் தாள் எந்த அரபியின் மேசைக்கும் நேராகப் போகாது என்பதும் தெரியும். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. “யா முதீர், உரீது இஜாஸா லிஅபீ” என்று சொல்லிக்கொடுத்தேன். மேலாளரே, என் அப்பாவுக்கு விடுமுறை வேண்டும். அந்த வாக்கியத்தில் வராத எழுத்துகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே விடுமுறை, இங்கே வேலை நாள். சாருக்கு அரபியில் வணக்கம் சொல்லப்போகிறேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லி, கைப்பேசியை மேலாளர் அறைக்குள் கொண்டுபோக வைத்துவிட்டாள். “மறந்துட்டா எடுத்துக் குடுங்கக்கா” என்று செல்வி என்னையும் அழைப்பில் சேர்த்திருந்தாள்.

திரையில் ஒரு வழுக்கைத் தலை வந்தது. “என்ன பாப்பா, கடலூரா? நமக்கு அங்க பக்கத்துலதான், சேத்தியாத்தோப்பு. தமிழ்லயே பேசு.”

“இல்ல சார், நான் படிச்சிட்டேன்” என்றவள், கைகட்டி நின்று முழு வாக்கியத்தையும் ஒப்பித்தாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து மேசையிலிருந்த சவூதி இளைஞனிடம் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே ஏதோ விளக்கினான். திரும்பி வந்தவர், “லீவா? உங்கப்பா இதுவரைக்கும் லீவே கேக்கலையேம்மா” என்றார்.

எனக்கு முருகன்மேல் கோபம் கோபமாக வந்தது. “போனா அந்த எடத்துக்கு வேற ஆள் வந்துடுவானோன்னு பயம், பாப்பா” என்று முருகன் தரையைப் பார்த்துச் சொன்னதும் அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தர்ஷினி அழவில்லை. “அப்ப இப்ப கேளுங்கப்பா. வரலன்னா நான் எடுத்துக் குடுக்கறேன்.”

“உரீது...” என்றாள். “உரீது” என்றார். “இஜாஸா” என்றாள். சேத்தியாத்தோப்புக்காரரிடம் கடலூர்க்காரர் அரபியில் லீவு கேட்டார். “எழுதிக் குடுய்யா, பாத்துக்கலாம்” என்றார் அவர்.

அடுத்த மாதமே முருகன் போய்ச் சேர்ந்தார். காதுகுத்துக்கு என்னையும் வீடியோவில் அழைத்தார்கள். தர்ஷினி அப்பா மடியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்க, “அப்ப தாய்மாமன்னு நான் எதுக்கு மச்சான்?” என்று செல்வியின் அண்ணன் முறுக்கிக்கொண்டார். கடைசியில் மாமன் மடியில் உட்கார்ந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியதும் தமிழில்தான் கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அழுகை ஓய்ந்ததும் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். “மிஸ், நீங்க சிதம்பரம் வந்து எவ்ளோ நாளாச்சி?”

“மூணு வருஷம்.”

“உங்களுக்கு யாருகிட்ட லீவு கேக்கணும்? நம்பர் குடுங்க, நான் பேசுறேன்.”

எனக்கு முதலாளி கிடையாது. ஊருக்குப் போகாதே என்று என்னிடம் யாரும் சொன்னதும் இல்லை. யார் பெயரைச் சொல்வது?

“சிக்னல் சரியில்லைம்மா” என்றேன். அவள் காதுக் கம்பியில் ஒட்டியிருந்த மஞ்சள்கூட எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.