ஒரே வரியில் மூன்று கட்டளை

நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஜோஷ்வாவுக்கு 'பில்ட் இன்ஜினியர்' என்று பதவி. கல்யாணம் பேசும்போது நெம்மேலியிலிருந்த மாமியார் இதைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை வீடு கட்டுகிறவர் என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நிச்சயம் முடிந்த கையோடு, புதுக் குளியலறைக்கு எத்தனை மூட்டை சிமெண்டு ஆகும் என்றும் கேட்டார். 'அது என் வேலை இல்லை அத்தை' என்று ஜோஷ்வா சொல்லியிருக்கலாம். அவன் ஒரு கணக்குச் சொன்னான். மிஞ்சிப்போன சிமெண்டு மழையில் நனைந்து கல்லாகி, இன்றைக்கும் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கப் பயன்படுகிறது.

ஆள் அப்படித்தான். 'தெரியாது', 'பார்க்கவில்லை' என்ற இரண்டு வார்த்தைகளும் அவன் வாயில் நுழையாது. விளம்பரத்தில் கடல் காற்று என்று போட்டிருந்ததை நம்பி ஃபிளாட் வாங்கினான். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை வந்தது. மனைவி ஜெசிந்தாவுக்கு ஸ்கூட்டி வாங்கினான். ஏறி உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தரையில் எட்டவில்லை. இதையெல்லாம் அவனே விருந்தாளிகளிடம் நடித்துக் காட்டி, தன்னைத்தானே கிண்டல் செய்து சிரிப்பான். அடுத்தவர் சொன்னால் மட்டும் முகம் சுண்டிவிடும்.

பிழைப்பும் அதே லட்சணம்தான். மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எடுத்து, கணினியில் ஓடுகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது அவன் வேலை. அதற்கு மூன்று படிகள் உண்டு. முதலில் கான்ஃபிகர். இந்தக் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தேடிப் பார்த்து, எதையெல்லாம் சேர்த்துக் கட்டப்போகிறேன், எதை விட்டுவிடப்போகிறேன் என்று அது பட்டியல் போடும். அடுத்தது மேக், மூலநிரலை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது. கடைசியில் இன்ஸ்டால். அடுப்பைப் பற்றவைக்கும் முன் வீட்டில் உப்பும் புளியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் முதல் படி. அந்த இடத்தில் நின்று, பட்டியலைப் படித்துவிட்டு அப்புறம் அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஜோஷ்வா நிற்கமாட்டான். மூன்றையும் ஒரே வரியில் கோத்து, என்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். திரும்பி வந்து பார்க்கும்போது பிழை என்று சிவப்பாக ஒன்றும் தெரியாவிட்டால் வேலை முடிந்தது. அலுவலகக் கணினிகளில் வேண்டியதெல்லாம் யாரோ ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். அதனால் பன்னிரண்டு வருடமாக இந்தப் பழக்கத்தால் ஒரு கெடுதலும் வரவில்லை. அதைத் தன்னுடைய திறமை என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஜெசிந்தாவின் தங்கை பிரதீபாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. செங்கல்பட்டில் ஒரு தனியார் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வாடிக்கையாளர்கள் தமிழில் எழுதி அனுப்பும் புகார்களைக் கேட்டு, பதில் தட்டச்சு செய்ய வேண்டும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அவள் லேப்டாப்பில் இருந்தது. ஆனால் அது தமிழை மென்று துப்பியது. நேர்காணலில் ஒவ்வொரு புகாரையும் அவள் இரண்டு முறை கேட்கவேண்டி வந்தது. "ஒரு மாசம் பாப்போம்" என்று மேலாளர் இழுத்தார். அந்த மென்பொருளின் புதிய பதிப்பில் தமிழைச் சரிசெய்திருப்பதாக அவளுடைய தோழி ஒருத்தி சொன்னாள். ஆனால் அது இன்னும் மூலநிரலாக மட்டும்தான் கிடைத்தது. வீட்டிலேயே மாப்பிள்ளை இருக்கும்போது வேறு யாரிடம் போவது?

வேலையில் சேரவேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய நாள், சர்ச் முடிந்து மாமியார் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஜோஷ்வாவிடம் லேப்டாப்பைக் கொடுத்தாள்.

"பத்து நிமிஷம்" என்றான் அவன்.

பழையது இடைஞ்சலாக இருக்கும் என்று முதலில் அதை நீக்கினான். புதியதை இறக்கி, ஒரே வரியில் மூன்று கட்டளையும் அடித்துவிட்டு, மட்டன் குழம்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். கை கழுவிவிட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சிவப்பு இல்லை. பிரதீபா பாயில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்து, ஒரு விசையை அழுத்தினாள். இன்னொன்றை அழுத்தினாள்.

"மாமா, பேசலியே."

"சவுண்ட கொறச்சு வெச்சிருப்ப."

அவள் ஒரு பாட்டைப் போட்டாள். பாட்டு நன்றாகவே வந்தது.

ஜோஷ்வா அதே வரியை மறுபடியும் அடித்தான். போன தடவை ஏதோ சரியாக நடக்கவில்லை, இந்தத் தடவை நடந்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. பேசவில்லை. மூன்றாவது முறையும் அதையே அடித்தான். மாமியார் பாவம், மாப்பிள்ளைக்குத் தொந்தரவாக இருக்கும் என்று டிவியை நிறுத்திவிட்டுப் போனார். அதனால் வீடே கப்சிப் என்று ஆகி, லேப்டாப் பேசாதது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"ஸ்கூட்டி வாங்கியாந்த அன்னிக்கு இதே மூஞ்சிதான் இருந்திச்சு" என்றாள் ஜெசிந்தா, வாசற்படியிலிருந்து.

ஜோஷ்வா சிரிக்கவில்லை. அவனுக்குப் பயம் வந்துவிட்டது. ஃபிளாட்டும் ஸ்கூட்டியும் அவன் பாடு, அவன் பணம். நாளைக் காலையில் இந்தப் பெண் ஊமை லேப்டாப்போடு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவாள். பழையதைத் திரும்பப் போட்டுவிடலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் பழையதோடு போனால் ஒரு மாதத்துக்கு மேல் அவளை அங்கே வைத்திருக்கமாட்டார்கள். இது தெரிந்தே அவன் வாய் பொய்யைத் தயார்செய்தது.

"புதுசு இந்த மிஷினுக்குச் சேராது பிரதீபா. பழசயே போட்டுட்றேன்."

"சேராதுன்னு மிஷின் சொல்லிச்சா, நீ சொல்றியா?"

"மிஷின்தான்."

"இன்னா சொல்லிச்சு? படி, கேப்போம்."

மிஷின் என்ன சொன்னது என்று அவனுக்குத் தெரிந்தால்தானே? மூன்று தடவையும் அது சொல்லிக்கொண்டே போனது. மூன்று தடவையும் அவன் திரையின் கடைசி வரியை மட்டும் பார்த்தான்.

"நெறைய எழுதிகினே போவும்மா. நிக்காது."

"நிக்கிற மாதிரி போடு. எனக்குக் கண்ணு தெரியாது, நீ படிச்சாதான் எனக்குத் தெரியும்."

வேறு வழியில்லாமல், முன்பு கட்டியதில் மிஞ்சிய துண்டுகளை அழித்துவிட்டு, கான்ஃபிகரை மட்டும் தனியாக அடித்தான். அது ஓடி முடிந்து நின்றது. அந்த இடத்தில் திரை அசையாமல் நிற்பதை அவன் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மேலிருந்து படிக்கத் தொடங்கினான். அது இருக்கிறது, இது இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"வேகமா படி மாமா. மிஷின் உன்னவிட ஸ்பீடா படிக்கும்."

"கீது, கீது, கீது, இல்ல, கீது..."

"இரு. இன்னா இல்லன்ன?"

"அது ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இல்லன்னு எழுதறான்?"

ஜோஷ்வா அந்த வரிக்குத் திரும்பிப் போனான். ஒலியை வெளியே அனுப்பும் லைப்ரரி என்ற துணை நிரல்: இல்லை. பட்டியலின் கடைசியில் இன்னொரு முறையும் தெளிவாகப் போட்டிருந்தது. ஒலி: இல்லை. கட்டாயமான சாமான் என்றால் அது அங்கேயே முரண்டு பிடித்து நின்றிருக்கும். இது விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளும் சாமான். இல்லையா, சரி, இல்லாமலே கட்டுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பேசுவதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருளை வாய் இல்லாமல் ஒரு குறையும் வைக்காமல் கட்டிக் கொடுத்திருக்கிறது. மூன்று தடவை.

அவன் அந்த வரியைப் பிரதீபாவுக்குப் படித்துக் காட்டினான். குரல் தன்னால் இறங்கிவிட்டது.

"அப்ப மிஷின் ஒயுங்காதான் சொல்லிகீது" என்றாள் அவள்.

அந்த லைப்ரரியை இறக்கிப் போட்டான். மறுபடி கான்ஃபிகர். "ஒலி: கீது" என்று அவன் படித்ததும், விரல்கள் பழக்கதோஷத்தில் மீதி இரண்டையும் சேர்த்து அடிக்கப் போயின. சத்தத்தை வைத்தே அவள் கண்டுபிடித்தாள்.

"ஒண்ணொண்ணா மாமா."

ஒன்றொன்றாகப் போட்டான். மேக் முடிந்ததும் படித்தான், இன்ஸ்டால் முடிந்ததும் படித்தான். தொண்டை கட்டிக்கொண்டது. பிரதீபா விசையை அழுத்தினாள். லேப்டாப் பேசியது. தமிழ் தமிழாகவே வந்தது. அடுப்படியிலிருந்து மாமியார் ஸ்தோத்திரம் சொல்வது கேட்டது. ஜோஷ்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை யாரும் பார்க்காதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, கிளம்புவதற்கு வண்டிச் சாவியைத் தேடினான்.

பிரதீபா அதற்குள் பேச்சின் வேகத்தை ஏற்றியிருந்தாள். இன்னும் ஏற்றினாள். அவனுக்கு அது தகரக் கூரையில் விழுகிற மழையாகத்தான் கேட்டது. அவளோ தலையைச் சாய்த்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். திடீரென்று சிரித்தாள்.

"இன்னா சொல்லுது?"

"நீ எறக்குன ஃபோல்டர்லயே ஒரு ஃபைல் கீது மாமா. 'ரீட் மீ'ன்னே பேரு. சத்தம் வரணும்னா மொதல்ல இந்த லைப்ரரிய போடுன்னு மொத பக்கத்துலயே எழுதிக்கீறான். நீ பாக்கலியா?"

பார்த்தேன் என்று சொல்ல நாக்கு எழும்பியது.

"பாக்கல" என்றான் ஜோஷ்வா. "இன்னும் இன்னா எழுதிக்கீறான்?"

"நெறைய கீது. உனக்குப் புரியற மாதிரி மெதுவா வெக்கட்டுமா?"

"வை" என்று சொல்லி, அவன் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.